சரிந்த திடல்: மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 பழுதான ஆட்டம்தானா?

தம்பி, நீ கேட்டதை முதலில் மற்றவர்களுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். தீபாவளி விடுமுறைக்கு மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊர்ப் பையன்களுக்கு மண்டபத்தில் ஒரு வீடியோ கேம் போட்டி வைக்க நினைக்கிறீர்கள். மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 வைக்கலாம் என்கிறாய் நீ. மார்வெல் படக்கதை ஆட்களும் கேப்காம் நிறுவனத்தின் கேம் ஆட்களும் மோதுகிற சண்டை ஆட்டம் அது; 56 கேரக்டர்களிலிருந்து ஆளுக்கு மூன்று பேரைப் பொறுக்கி அணி சேர்த்து, மாற்றி மாற்றி இறக்கி மோத வேண்டும். உன் மச்சான் கூடாது என்கிறார். "56 பேர் இருக்காங்க, நாலு பேரைத் தவிர மீதி எல்லாம் சும்மா. அது அப்ஜெக்டிவாவே பழுதான ஆட்டம். என் ருசியைச் சொல்லலை, உண்மையைச் சொல்றேன்" என்பது அவர் வாதம். "இருபது வருசத்துக்கு மேல ஆளுங்க விளையாடிக்கிட்டே இருக்காங்களே, அப்புறம் எப்படிப் பழுது?" என்பது உன் வாதம். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய்.

உன் மச்சான் எண்ணிப் பார்த்ததில் தப்பில்லை. எண்ணிவிட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. உன் காரணமும் நிற்காது. பேருந்து நிலையத்துக் கடையில் கூட்டம் அலைமோதுவதால் அந்தச் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பலர் விளையாடுகிறார்கள் என்பதிலிருந்து பலர் விளையாடுகிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

நான் ஏன் இதில் பேசுகிறேன் என்றால், 2003 வாக்கில் தொடங்கி நாலைந்து வருடம் இதே ஊரில் ஒரு கேம் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கு இரண்டு வெள்ளி. ஐந்து தொலைக்காட்சிப் பெட்டி, ஐந்து பிளேஸ்டேஷன் 2. கடன் எழுத ஒரு 555 நோட்டுப் புத்தகம். சட்டைப் பையில் அடங்குமே, மளிகைக் கடைக்காரர் எல்லாரும் வைத்திருப்பார்களே, அதேதான். கடன் ஒரு பக்கம், எதிர்ப்பக்கத்தில் யார் எந்த மூன்று பேரை எடுத்து யாரிடம் தோற்றான் என்று எழுதுவேன். எனக்கே தெரிந்துகொள்ள ஆசை, அதனால் எழுதினேன். அந்தப் புத்தகங்களில் இரண்டு இன்னும் வீட்டில் இருக்கின்றன. முதல் சில வாரத்துப் பக்கங்களில் எல்லாப் பெயரும் வரும்: ஸ்பைடர்மேன், ரியூ, ஸாங்கீஃப், அமிங்கோ என்கிற கள்ளிச்செடி. போகப் போகப் பெயர்கள் குறையும். கடைசிப் பக்கங்களில் முழுப் பெயர் எழுதக்கூடப் பொறுமை இல்லாமல் மே, ஸ்டா, செ, கே என்று எழுதியிருக்கிறேன். மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள்.

இது நம் ஊர் விசித்திரம் இல்லை. அமெரிக்காவில் நடக்கும் ஈவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டியில் இந்த ஆட்டம் 2002 முதல் 2010 வரை இடம்பெற்றது. அங்கேயும் அதே நாலு பேர்தான் முன்னால் நின்றார்கள். 56 பேரிலிருந்து வேறு வேறான மூவரை 27,720 விதமாகச் சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் மூன்று வகை அசிஸ்ட், அதாவது வெளியே நிற்கும் கூட்டாளியைக் கூப்பிட்டதும் அவன் வந்து அடித்துவிட்டுப் போகிற பக்கத்துணை, உண்டு என்பதையும் சேர்த்தால் கணக்கு ஏழு லட்சத்தைத் தாண்டும். அத்தனையிலும் பெரிய மேடையில் திரும்பத் திரும்ப வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய அணிகள். மேக்னீட்டோ, ஸ்டார்ம், சைலாக் ஓர் அணி. ஸ்டார்ம், சென்டினல், கேப்டன் கமாண்டோ இன்னொன்று. யார் எண்ணினாலும் இதே விடைதான் வரும். ஆக, கேரக்டர்களுக்குள் சமநிலை இல்லை என்பதை உன் மச்சான் தாராளமாக 'அப்ஜெக்டிவ்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தச் சமநிலைக் கேடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் மேலே பேச முடியும்.

கேப்காம் இந்த ஆட்டத்தை 2000ஆம் ஆண்டில் சேகா நிறுவனத்தின் நவோமி என்ற ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திரம்) பலகையில் வெளியிட்டது. பெரும்பாலான கேரக்டர்களைப் புதிதாக வரையவில்லை. பழைய ஆட்டங்களில் கையால் வரைந்த படங்களை எடுத்து, முப்பரிமாணப் பின்னணியின் மேல் வைத்தார்கள். மாரிகனின் படம் 1994இல் வந்த டார்க்ஸ்டாக்கர்ஸ் காலத்தது. மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல் மூவரும் அதே 1994இல் வந்த எக்ஸ்-மென்: சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம் ஆட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த எக்ஸ்-மென் ஆட்டம் ஆகாயத்தில் பறந்து, பாய்ந்து, குறுக்கே வெட்டிச் சண்டை போடுவதற்காகவே கட்டப்பட்டது. மேக்னீட்டோ அதில் கடைசி எதிரி. ரியூ வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் அப்படியில்லை. அது தரையில் கால் ஊன்றி, ஒரு முழம் முன்னால், ஒரு முழம் பின்னால் என்று இடம் பிடிக்கிற ஆட்டம். இரண்டு ஊர்ச் சட்டத்தில் வளர்ந்தவர்களை ஒரே திடலில் இறக்கினால் பறக்கத் தெரிந்தவன் கை ஓங்கத்தான் செய்யும். ஸ்டார்மும் மேக்னீட்டோவும் எட்டுத் திசையிலும் காற்றில் பாய்வார்கள். சென்டினல் அவ்வளவு பெரிய உடம்போடு பறக்கும், ஓர் அடி விழுந்தாலும் அசையாது. ரியூ குதிப்பான், இறங்குவான்.

கேபிளுக்குப் படம் புதிதாக வரைந்தார்கள். ஆனால் அவன் பலம் வேறு இடத்தில். திரைக்குக் கீழே சக்திப் பட்டை ஐந்து நிலை வரை நிரம்பும். அது நிரம்பிவிட்டால் கேபிள் குதித்து, காற்றிலேயே ஒரு பெரிய ஒளிக்கதிரை விடுவான். விழுந்தவன் எழுவதற்குள் மறுபடி, அப்புறம் மறுபடி. எதிரி தூரத்தில் ஓர் அசிஸ்டைத் தப்பான நேரத்தில் கூப்பிட்டால் போதும், இரண்டு பேரின் ரத்தமும் (உயிர்ப் பட்டையை அப்படித்தான் சொல்வோம்) ஒன்றாகப் போகும். எங்கள் கடையில் கேபிளின் பட்டை ஐந்தைத் தொட்டதும் எதிரில் இருப்பவன் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்காருவான். எதிரில் இருப்பவன் யார் என்பது முக்கியமில்லை, எல்லாரும் நகர்வார்கள்.

சரி, இப்போது 'பழுது' என்ற சொல்லுக்கு வருவோம். வாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தோட்டத்துப் பந்துத் திடல் உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பிறப்பதற்குள் ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து ஆட்களும் ஊருக்கு வந்துவிட்டார்கள். திடல் ஆற்றுப் பக்கமாகச் சரிந்து கிடக்கும். மேட்டுக் கோலிலிருந்து பந்தை உருட்டிவிட்டால் பாதித் திடலைத் தானே கடக்கும். சரிவு உண்மை. மட்டப் பலகை வைத்து அளக்கலாம், மானேஜர் வந்து பார்த்தாலும் சரிவு சரிவுதான். ஆனால் அந்தத் திடலில் ஆடியவர்கள் அதற்கென்று ஓர் ஆட்டத்தை வளர்த்திருந்தார்கள். பள்ளத்துப் பக்கம் ஆடும்போது நீளமாக உதைக்க மாட்டார்கள், காலுக்குக் கால் கொடுப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும். வெளியூர் அணி வந்தால் முதல் பாதியில் திணறும். திடல் சரிந்திருக்கிறது என்பது அளவு. திடல் கெட்டுப்போனது என்பது தீர்ப்பு. அளவு உன் கையில் இருக்கிறது என்பதற்காகத் தீர்ப்பும் தானாக வந்துவிடாது. நடுவில் ஒரு கேள்வி உண்டு: இந்தத் திடல் எதற்காக? பந்து ஆட முடிகிறதா? நன்றாக ஆடுகிறவன் ஜெயிக்கிறானா?

மார்வெல் 2-க்கும் அதைத்தான் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் முன்னால் இருப்பது அதே 56 முகங்கள். நீ சென்டினலை எடுத்தால் நானும் எடுக்கலாம். கேரக்டருக்கும் கேரக்டருக்கும் நியாயம் இல்லை. ஆட்டக்காரனுக்கும் ஆட்டக்காரனுக்கும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதுதான் உன் மச்சானின் பிழை. பலம் வாய்ந்த நாலு பேரில் ஒருவரைக் கையில் எடுத்தவன் தூங்கிக்கொண்டே ஜெயிக்கலாம் என்றிருந்தால் அவர் சொல்வது சரி. அப்படியா இருக்கிறது? மேக்னீட்டோவை எடுத்த புதுப் பையன் பத்து நிமிடத்தில் செத்துப்போவான். மேக்னீட்டோவின் பலமெல்லாம் ஆடுகிறவனின் விரல் வேகத்தில் இருக்கிறது. அந்த வேகத்துக்குப் பல மாதம் உட்கார வேண்டும். ஈவோவில் ஜஸ்டின் வோங் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பல தடவை பட்டம் வாங்கியதும் அதைத்தான் காட்டுகிறது. ஆட்டம் குருட்டு அதிர்ஷ்டமாக இருந்தால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப மேலே வர மாட்டான்.

'மீதி எல்லாம் சும்மா' என்ற பேச்சையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த ஆட்டத்தின் உயிரே அசிஸ்ட்தான். ஆறு பட்டனில் நாலு அடிக்க, இரண்டு பக்கத்துணையைக் கூப்பிட. தனியாக நின்றால் கேப்டன் கமாண்டோ பெரிய ஆள் இல்லை. பக்கத்துணையாகக் கூப்பிட்டால் தரையிலிருந்து ஒரு மின்னல் தூண் எழும்பும், மேலே பறப்பவன் எவனாக இருந்தாலும் மாட்டுவான். சைக்ளாப்ஸ், சைலாக் இருவரும் அதே வேலைக்கு. டாக்டர் டூம் பாறைத் துணுக்குகளைத் தன்னைச் சுற்றி எறிவார், ஸ்ட்ரைடர் ஹிர்யூ அதற்கு முன்னால் நின்று எதிரியை மூலையில் பூட்டி வைப்பான். தடுத்தாலும் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் குறையும். இதையெல்லாம் கேப்காம் காகிதத்தில் எழுதி வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆடியவர்கள் தோண்டி எடுத்தது.

ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். படிவம் மூன்று படித்த ஒரு பையன், அம்மா பால்வெட்டுக்குப் போகிறவர். பள்ளியிலிருந்து நேரே வருவான், வெள்ளைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, புத்தகப் பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வான். ரியூவைத் தவிர முதலில் வேறு யாரையும் நிறுத்த மாட்டான். பட்டறையில் வேலை பார்க்கிற ஓர் அண்ணனிடம் வாரக்கணக்கில் தோற்றான், அவர் ஆள் சென்டினல். மேலே பறந்து தலையில் மிதிப்பார், ரியூ ஹடோக்கன் என்கிற சக்திப் பந்தைப் போட்டால் சென்டினல் அதை வாங்கிக்கொண்டே வரும். அன்றைக்குப் பையன் ரியூவுக்குப் பின்னால் கேப்டன் கமாண்டோவையும் சைக்ளாப்ஸையும் வைத்தான். சென்டினல் பறந்து வரும்போது அவன் அடிக்கவே இல்லை, இரண்டடி பின்னால் போய்க் கமாண்டோவைக் கூப்பிட்டான். ஓர் அடியைத் தாங்குகிற சென்டினலால் அடுக்கடுக்காக விழுகிற மின்னலைத் தாங்க முடியவில்லை. கீழே வந்த இடத்தில் ரியூ ஷின்கு ஹடோக்கன் என்ற பெரிய அடியை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்தச் சுற்று முழுக்க இதையே செய்தான், பொறுமையாக, ஒரு தடவைகூட முந்தாமல். ஜெயித்தான். பட்டறை அண்ணன் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொன்னு போடு தம்பி" என்று தன் காசிலேயே அடுத்த மணிக்குக் கட்டினார். அதற்கடுத்த பத்தில் எட்டைப் பையன் தோற்றான், அதையும் மறைக்கவில்லை. ரியூ பலவீனம்தான். ஆனால் பலவீனமான கேரக்டரோடு சேர்த்து யோசிக்க இடம் கொடுக்கிற ஆட்டத்தைச் சும்மா என்று தள்ள எனக்கு மனசு வராது.

இந்த ஆட்டத்தில் உண்மையான பழுதுகளும் இருக்கின்றன. நானே சொல்கிறேன். ஒருவன் செத்து அடுத்தவன் காற்றிலிருந்து இறங்கி வரும்போது, அவனை ஒரு தடவை தடுக்க வைத்துவிட்டால், தரையைத் தொடும்வரை மறுபடி தடுக்க முடியாத நிலைக்குத் தள்ளலாம். அங்கே அவன் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, கையைக் கட்டிவிட்டு அடிப்பது மாதிரி. ஜக்கர்நாட் என்ற கேரக்டர் சக்தி ஏற்றிக்கொண்டு குறிப்பிட்ட விதத்தில் ஆளை மாற்றினால், தீர்ந்துபோக வேண்டிய சக்தி தீராமல் ஒட்டிக்கொள்ளும். இவை செய்தவர்கள் நினைத்தே பார்க்காத ஓட்டைகள். திடல் சரிவு என்று இவற்றைச் சொல்ல முடியாது, திடலின் நடுவில் தோண்டிய குழிகள் இவை.

பழுது என்று கூசாமல் சொல்லக்கூடிய இன்னோர் ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார். 2012 மார்ச்சில் அதே கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன். இரண்டு பெரிய குடும்பங்களைச் சேர்க்கிற கலப்பு ஆட்டம், எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. இணையத்தில் ஆடினால் அடிக்கிற ஓசை நடுநடுவே காணாமல் போகும். சண்டை ஆட்டத்தில் ஓசை அலங்காரம் இல்லை, பாதித் தகவல் காது வழியாகத்தான் வருகிறது. பன்னிரண்டு கேரக்டர்களை வட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, திறக்கத் தனிக்காசு கேட்டார்கள். ஜெம் என்ற ஒன்றை வைத்தார்கள். ஒவ்வொருவனும் தன் ஆளுக்குப் பலம், வேகம் என்று கல் பதித்துக்கொண்டு வரலாம், சில கற்கள் தனியாக வாங்கினால்தான் கிடைக்கும். இங்கேதான் ஆட்டக்காரனுக்கும் ஆட்டக்காரனுக்கும் உள்ள நியாயம் உடைந்தது. மார்வெல் 2 செய்யாத பாவம் அது. இன்னொன்று, ரத்தம் தானாக ஊறும், இருவரும் மாறி மாறி ஓடுவார்கள், மணி முடிந்து சுற்று தீரும். சண்டை ஆட்டத்தில் சண்டைக்கு முன்னால் கடிகாரம் முடிந்தால் அது எதற்காக? 2013 ஜனவரியில் ஒரு திருத்தப் பதிப்பு வந்து ஆட்டம் நிறையத் தேறியது, ஆனால் அதற்குள் ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். கேரக்டர் சமநிலை என்று மட்டும் பார்த்தால் அது மார்வெல் 2-ஐவிட எவ்வளவோ மேல். உன் மச்சானின் அளவுகோல் ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

2017 செப்டம்பரில் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட் கதை வேறு. ஆடிப் பார்த்தவர்கள் பலர் அடிப்படை நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி, எக்ஸ்-மென் ஒருவர்கூட இல்லை. அடுத்த வருட ஈவோவின் பட்டியலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. முகம் அழகாக இல்லை என்பது பழுதா? என்னைக் கேட்டால் கலப்பு ஆட்டத்தில் பழுதுதான். இந்த வகை ஆட்டம் கொடுக்கிற வாக்கே, நீ நேசித்த ஆட்களை ஒரே மேடையில் காட்டுகிறேன் என்பதுதானே. நேசித்தவனை அடையாளம் தெரியாமல் கொண்டுவந்து நிறுத்தினால் வாக்குத் தவறியதாகத்தான் ஆகும். இதில் நீ என்னோடு மோதலாம். மெழுகு முகத்தை மட்டப் பலகை வைத்து அளக்க முடியாது.

ருசி என்று விட்டுவிட வேண்டியதும் உண்டு. மார்வெல் 2-இல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஜாஸ் மாதிரி ஒரு பாட்டு ஓடுமே, அதைக் கேட்டாலே எரிச்சலாகும் என்பவர்கள் நிறைய. கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த அக்கா சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எத்தனையோ தடவை இறங்கி வந்திருக்கிறார். எனக்கு இன்றைக்கும் அது காதில் விழுந்தால் அந்தக் கடையின் சிமெண்டுத் தரை ஞாபகத்துக்கு வருகிறது. இதில் யாரும் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் போட்டி. 2009இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் இந்த ஆட்டம் இணையக் கடையில் வந்தது, 2013 இறுதியில் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப காலம் நேர்வழியில் வாங்க முடியாமல் இருந்தது. 2024 செப்டம்பரில் ஏழு ஆட்டங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள், அதில் இது இருக்கிறது. அதையே வாங்குங்கள், பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கிற கள்ள வட்டு வேண்டாம்.

உன் மச்சானுடைய கவலையில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. மண்டபத்துக்கு வரப்போவது ஈவோ ஆட்கள் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஸ்பைடர்மேனைப் பார்த்த சந்தோஷத்தில் எடுப்பான், எதிரில் என் வயதுக்காரன் ஒருவன் ஸ்டார்மை எடுத்து மேலேயே சுற்றிக்கொண்டு மணி முடியும்வரை இறங்க மாட்டான். பையன் அடுத்த வருடம் வர மாட்டான். அளவு ஒன்றாக இருந்தாலும் யாருக்காக என்பது மாறினால் தீர்ப்பு மாறும் என்பது இதுதான். ஆகவே புள்ளி முறை வையுங்கள், வெளிநாட்டில் சில போட்டிகளில் இப்படிச் செய்கிறார்கள். ஓர் அணிக்கு மொத்தம் ஏழு புள்ளி. மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் ஆளுக்கு நாலு. சைக்ளாப்ஸ், சைலாக், டூம், ஸ்ட்ரைடர், கேப்டன் கமாண்டோ, அயர்ன்மேன் ஆளுக்கு இரண்டு. மற்ற எல்லாரும் ஒன்று. நாலும் நாலும் எட்டு, ஆக இரண்டு பெரிய ஆட்கள் ஒரே அணியில் சேர முடியாது. காலையில் பையன்களுக்கு இந்த முறை, மாலையில் பழைய ஆட்களுக்குக் கட்டுப்பாடே இல்லாத திறந்த ஆட்டம். ஜக்கர்நாட் தந்திரம் இரண்டிலும் கூடாது என்று பலகையில் எழுதிப் போடுங்கள்.

புள்ளிப் பட்டியலை உன் மச்சானையே சரிபார்க்கச் சொல். எண்ணுவதில் அவர் கெட்டி. என்னிடம் இரண்டு ஆர்கேட் ஸ்டிக் இருக்கிறது. ஒன்றில் இரண்டாவது அசிஸ்ட் பட்டன் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது, சனிக்கிழமைக்குள் மாற்றிவிடுகிறேன். வரும்போது அந்த 555 புத்தகத்தையும் எடுத்து வருகிறேன். ரியூ பையன் ஜெயித்த பக்கம் அதில் இருக்கிறது.